மாசி வெயிலில் பிழிந்து ஐப்பசி மழையில் விற்பது: வீட்டு வடாம் தொழிலுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே ஏதாவது தொழில் செய்ய முடியுமா என்று கேட்போருக்குக் காவிரி டெல்டாவில் முதலில் கிடைக்கும் யோசனை, பெரும்பாலும், வடாமும் வத்தலும் பொடியும் செய்து விற்கலாமே என்பதுதான். அரிசி கையில் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, பக்குவம் மாமியாரிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கிறது. பக்குவம் தெரிந்தவர்கள்கூட இரண்டாம் ஆண்டிலேயே இதை விட்டுவிடுவதற்குக் காரணம், வடாம் உருவாகும் பருவமும் விலைபோகும் பருவமும் வேறுவேறு என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காததுதான். மாசியிலிருந்து சித்திரை வரை பிழிந்து காயவைப்பது, வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையில்தான் நன்றாக விற்கிறது. நடுவே ஆறேழு மாதங்கள் உங்கள் பணம் டின்னுக்குள் உட்கார்ந்திருக்கும். கீழே உள்ள விவரங்கள் எல்லாம் அந்த இடைவெளியைத் தாங்கும்படி தொழிலை அமைத்துக்கொள்வதற்காகச் சொல்லப்படுபவை.

எந்தப் பொருளில் தொடங்குவது என்ற கேள்விக்கு என்னுடைய விடை, ஒரே வடாமும் ஒரே பொடியும் என்பதாகும். பத்து வகைகளை அடுக்கி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எது லாபம் தந்தது, எது தேங்கியது என்பது ஆண்டு முடிந்தாலும் விளங்காது. கூழ் வடாம் வெயில் காலத்து வேலை. பருப்புப் பொடியோ கறிவேப்பிலைப் பொடியோ மழைக்காலத்திலும் வறுத்து அரைக்கக்கூடியது என்பதால் அது மாதாமாதம் சிறிதளவு கைக்காசு தரும். சம்பா அறுவடையை ஒட்டி நெல் தரிசில் விதைக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி சித்திரையில் களத்துக்கு வரும்போது, மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துக்கொண்டால் பொடிக்கான உளுந்துச் செலவு கட்டுக்குள் இருக்கும். ஊறுகாயை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பேன். எண்ணெயும் புளிப்பும் சற்றுக் குறைந்தாலும் கெட்டுப்போகும் பொருள் அது. ஒரு பாட்டிலில் பூஞ்சை பிடித்துவிட்டால் வாடிக்கையாளர் உங்கள் வடாமையும் சேர்த்தே சந்தேகிப்பார்.

கைப்பக்குவத்தை எடைப்பக்குவமாக்குதல்

வீட்டுக்குச் செய்யும்போது உப்பைக் கண்ணளவில் போடலாம். விற்பனைக்குச் செய்யும்போது அப்படிப் போட்டால், மாசியில் வாங்கியவர் பங்குனியில் திரும்ப வந்து, "போன தடவை மாதிரி இல்லையே" என்பார். ஆகவே முதல் வேலையாக, நீங்கள் வழக்கமாகச் செய்வதையே ஒருமுறை செய்து, அரிசி மாவு, ஜவ்வரிசி, உப்பு, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர் ஆகிய ஒவ்வொன்றையும் சேர்ப்பதற்கு முன் நிறுத்து, ஒரு நோட்டில் கிராமாக எழுதிக்கொள்ளுங்கள். கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது உப்பு சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். கூழிலேயே சரியாக இருந்தால், நீர் வற்றிக் காய்ந்த பிறகு கரிக்கும். எலுமிச்சைச் சாற்றைக் கூழ் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகே விட வேண்டும்.

காயவைப்பதில்தான் தொழிலே இருக்கிறது. துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டியைக் கயிற்றுக் கட்டிலின் மேலோ தரையிலிருந்து உயர்த்திய பலகையின் மேலோ விரித்துப் பிழிந்து, மேலே கொசுவலைத் துணியை வடாமில் படாதவாறு கட்டிவிட்டால் தூசு, ஈ, காக்கை மூன்றுக்கும் ஒரே காவலாக அமையும். முதல் நாள் மாலையில் துணியின் அடிப்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து வடாமை உரித்தெடுத்து, மறுநாள் தாம்பாளத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மூன்றாம் நாள் மாலை, குவியலின் நடுவிலிருந்து தடிமனான துண்டு ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள்: பட்டென்ற சத்தத்துடன் முறிந்து, முறிந்த இடம் ஓரத்திலும் நடுவிலும் ஒரே நிறமாக இருந்தால் காய்ந்துவிட்டது, வளைந்து பிறகு முறிந்தால், அல்லது நடுவில் மட்டும் நிறம் மாறியிருந்தால், இன்னும் ஒரு வெயில் வேண்டும். பின்பு அதே குவியலில் இரண்டைப் பொரித்துப் பாருங்கள். எண்ணெயில் முழுதாக விரியாமல் நடுவே கடுக்கென்று நிற்கும் வடாமில் பெரும்பாலும் ஈரம் மிஞ்சியிருக்கும். அந்த ஈரம் ஆவணியில் தெரியாது. ஐப்பசியில் கும்பகோணத்துக் கடை அலமாரியில் இருக்கும்போது பூஞ்சையாக வெளியே வரும்.

எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று லேபிளில் எழுதுவதற்கும் ஒரு வழி உண்டு. விற்பனைக்குப் போகும் அதே உறையில் பத்துப் பொட்டலங்களை ஒட்டி, தேதி எழுதி, வீட்டின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, மாதம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, பொரித்து, குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மாற்றம் தெரியும் மாதத்திற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கெடுவை வைப்பது நல்லது. இது வீட்டளவிலான சோதனைதான். முறையான ஆய்வும் ஊட்டச்சத்து விவரமும் தேவைப்பட்டால், தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் ஒன்றிய அரசின் உணவுப் பதன நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. 1967இல் திருவாரூரில் நெல் பதனம் பற்றிய ஆய்வுக்காகத் தொடங்கியதே பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு இன்று இந்தப் பெயரில் இயங்குகிறது. அங்கே ஆய்வுக்கூடமும் தொழில்முனைவோருக்கான பயிற்சியும் உண்டு. டெல்டாவில் இருந்துகொண்டு அந்த வாசலை மிதிக்காமல் உணவுத் தொழில் செய்வது கொஞ்சம் வீண்தான்.

என்ன விலை வைப்பது?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது என்பதால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். விலைகள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் ஊர் விலையை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஐந்து கிலோ பச்சரிசி 250 ரூபாய், ஒரு கிலோ ஜவ்வரிசி 70 ரூபாய், மிளகாய், உப்பு, சீரகம், எலுமிச்சை எல்லாம் சேர்ந்து 90 ரூபாய், எரிவாயு 80 ரூபாய், மாவு மில்லில் அரைவைக் கூலி 40 ரூபாய் என்று வைத்தால் மூலப்பொருள் செலவு 530 ரூபாய். காய்ந்த பிறகு உடைசலையும் தூளையும் நீக்கிவிட்டு ஐந்து கிலோ விற்கத்தக்க வடாம் கிடைக்கிறது என்று கொண்டால், கால் கிலோ வீதம் 20 பொட்டலங்கள். உறையும் லேபிளும் பொட்டலத்துக்கு 6 ரூபாய் என்றால் 120 ரூபாய். ஆக மொத்தம் 650. பொட்டலத்துக்கு 32 ரூபாய் 50 காசு.

இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு, ஐம்பது ரூபாய்க்கு விற்றால் 17 ரூபாய் 50 காசு லாபம் என்று மகிழ்பவர்கள்தான் அதிகம். கிளறி, பிழிந்து, உரித்து, காவல் காத்து, பொட்டலம் கட்டியதற்கு மொத்தம் பத்து மணி நேரம் ஆனது என்றால், 20 பொட்டலத்தின் லாபமான 350 ரூபாயை அந்தப் பத்து மணிக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 35 ரூபாய் வருகிறது. உங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு மணிக்கு என்ன கூலி விழுகிறது என்று விசாரித்து இதனோடு ஒப்பிட்டால், லாபம் என்று நினைத்தது உங்கள் கூலியின் ஒரு பகுதி மட்டுமே என்பது தெரிந்துவிடும்.

ஆகவே உழைப்பையும் செலவாக எழுதுங்கள். மணிக்கு 60 ரூபாய் என்று உங்களுக்கே கூலி வைத்தால் 600 ரூபாய். மொத்தச் செலவு 1,250. பொட்டலத்துக்கு 62 ரூபாய் 50 காசு. உடைந்து திரும்பி வருவது, விற்காமல் நிற்பது, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 69 ரூபாய். அட்டை விலையை 100 ரூபாய் என்று அச்சிட்டு, கடைக்காரருக்கு இருபது சதவீதம் விட்டால் உங்களுக்கு வருவது 80; அதில் 11 ரூபாய்தான் உண்மையான லாபம். நேரடியாக விற்றால் 31 ரூபாய் நிற்கும். கடைக்கு எவ்வளவு, நேரடியாக எவ்வளவு என்ற முடிவை இந்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். பக்கத்து வீட்டார் வாங்க மாட்டார்கள், அவர்களே பிழிகிறார்கள். சென்னையிலும் திருச்சியிலும் அடுக்குமாடியில் மாடி வெயிலுக்கு வழியில்லாமல் இருப்பவர்கள் வாங்குவார்கள். உங்கள் சந்தை உங்கள் தெருவில் இல்லை.

பதிவும் லேபிளும்

உணவுப் பொருளை விற்கும் எவரும், வீட்டு அடுப்பில் செய்பவரானாலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களைச் சிறு உணவுத் தொழில் செய்வோராகக் கொண்டு, உரிமம் இல்லாமல் பதிவு மட்டும் போதும் என்றும், அதற்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்றும் வகுத்தன. வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் ஃபாஸ்காஸ் எனப்படும் அரசுத் தளத்தில் உள்ள தொகையையே நம்புங்கள். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, செய்யப்போகும் பொருள்களின் பட்டியல் ஆகியவை இருந்தால் வீட்டுக் கணினியிலேயே முடித்துவிடலாம். பொருள் பட்டியலில் வடாமை மட்டும் குறித்துவிட்டுப் பிறகு பொடியும் விற்கிறவர்கள் பலர். முதலிலேயே இரண்டையும் சேர்த்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் இடத்தைப் பார்க்க வரக்கூடும். அவர் வரும்போது தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, கூந்தல் மூடும் துணி இருக்கிறதா, செருப்பு எங்கே கழற்றுகிறார்கள் என்பவையே கண்ணில் படும்.

பதிவு கிடைத்ததும் வரும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். அதோடு பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை மிகுதியின் வரிசையில், நிகர எடை, தயாரித்த தேதி, கெடு, தொகுதி எண், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற அலகு விலை, உங்கள் பெயரும் முழு முகவரியும், புகாருக்கான தொலைபேசி எண், சைவத்தைக் குறிக்கும் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவை இடம்பெற வேண்டும். கால் கிலோ 100 ரூபாய் என்றால் அலகு விலை கிராமுக்கு 40 காசு. தொகுதி எண்ணைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள்; ஒரு பொட்டலத்தில் குறை வந்தால் அன்று பிழிந்த இருபதை மட்டும் திரும்பப் பெறவும், மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றவும் அந்த எண்தான் உதவும். பிழிந்த நாளையே எண்ணாக வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

பொட்டலமாக்கி விற்பவர்கள் சட்டமுறை எடையளவுத் துறையிலும் பொட்டலமிடுவோராகப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சமையலறைத் தராசு வீட்டுக்கு ஆகும், வியாபாரத்துக்கு ஆகாது. முத்திரையிடப்பட்ட எலக்ட்ரானிக் தராசு வாங்கி, ஆண்டுதோறும் மறுமுத்திரை பெற வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்காக ஒன்றிய அரசு தரும் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அதற்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணும் அதனோடு இணைந்த கைபேசியும் பான் எண்ணும் வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைத் தட்டுங்கள்.

ஜிஎஸ்டி வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வரும். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் இந்த வரம்பை நம்பாமல் கணக்காளரைக் கேளுங்கள். பெரிய இணைய அங்காடிகள் மூலம் விற்க, முன்பெல்லாம் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஒரு சேர்க்கை எண் பெற்று விற்கலாம்.

கணக்கும் கைபேசியும்

கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் போதும். வீட்டில் பி.காம் படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால் இதை அவர்களிடமே ஒப்படைப்பது இருவருக்கும் நல்லது. பாடத்தில் வரும் இருப்புக் கணக்கு, அடக்கவிலை எல்லாம் அடுக்களை டின்னிலேயே கண்முன் இருக்கும். இரண்டு தாள்கள் போதுமானவை. முதல் தாளில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி: பிழிந்த தேதி, அரிசி எடை, காய்ந்த எடை, உடைசல், பொட்டலங்கள், செலவு, உழைத்த மணி. இரண்டாம் தாளில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி: தேதி, யாருக்கு, எந்தத் தொகுதி, எத்தனை, தொகை, வந்துவிட்டதா, பாக்கியா. பாக்கிக்கென்று தனிப் பத்தி வைப்பதில்தான் இந்தத் தாளின் உயிர் இருக்கிறது, ஏனென்றால் கடைகளில் "அடுத்த தடவை சரக்கு போடும்போது தருகிறேன்" என்பது வழக்கம். மூன்று கடை, நான்கு தவணை என்று ஆகிவிட்டால் நினைவில் நிற்காது.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்கி, கியூஆர் அட்டையை அந்தக் கணக்கோடு இணையுங்கள். வீட்டுக் கணக்கிலேயே வரவும் போனால், மளிகைப் பாக்கி கட்டிய பணம் அரிசிக்கு வைத்த பணம்தானா என்பது யாருக்கும் விளங்காது. வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலைப் படத்துடன் ஏற்றிவிட்டால், விலை என்ன என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. படம் எடுக்கும்போது பொரித்த வடாமையும் பொரிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள். எவ்வளவு விரிகிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இந்த வழியில் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். ஐம்பது பொட்டலம் வேண்டும் என்று சொல்லி, முன்பணம் அனுப்புகிறேன், அதைப் பெற உங்கள் யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்பார்கள். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டால் பணம் போகும், வராது. ஸ்கிரீன்ஷாட் காட்டுவதையும் நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததா என்று பார்த்த பிறகே பொட்டலத்தைக் கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எங்கே விற்பது, எப்போது கடன் வாங்குவது

மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மாவட்டத் தலைநகரங்களில் உள்ள பூமாலை வணிக வளாகமும், மகளிர் திட்ட அலுவலகம் அவ்வப்போது நடத்தும் கண்காட்சிகளும் நல்ல தொடக்கம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா போன்ற கூட்டங்களில் மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி வடாமுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த அரிசி விலை கூடுதல் என்பதால், மேலே போட்ட கணக்கை மறுபடி போடாமல் அதே 100 ரூபாயை அச்சிட்டுவிட வேண்டாம். வெளியூருக்கு அனுப்பும்போது உடைசல்தான் பகை. பொட்டலங்களைக் கெட்டி அட்டைப்பெட்டியில் நிறுத்திவைத்து, இடைவெளியைக் கசக்கிய தாளால் நிரப்பினால் பெருமளவு குறையும். தாள் உறைக்கு வெளியே மட்டும் இருக்கட்டும், அச்சிட்ட செய்தித்தாள் உணவைத் தொடக்கூடாது.

பயிற்சி வேண்டுவோருக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கட்டணமில்லாத வகுப்புகள் உண்டு. கடனைப் பொறுத்தவரை, முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையம் இல்லாமல் கேட்கலாம். குறு உணவு நிறுவனங்களுக்கென 2020இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வகுக்கப்பட்டது. நிதி இப்போது கிடைக்கிறதா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்ட பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

முதல் பருவத்துக்குக் கடன் வாங்காமல் கையிலிருப்பதைக் கொண்டு பத்துத் தொகுதிகள் பிழிந்து பாருங்கள் என்பதே என் கருத்து. மேலே சொன்ன கணக்கில் ஒரு தொகுதிக்குக் கைவிட்டுப் போகும் பணம் 650 ரூபாய், பத்துக்கு 6,500. அது மாசியில் போய், பெரும்பகுதி ஐப்பசிக்குப் பிறகே திரும்பும். மாசியில் கடன் வாங்கினால் பங்குனியிலேயே தவணை தொடங்கிவிடும், விற்பனையோ ஆறேழு மாதம் தள்ளி நிற்கும். இரண்டாம் ஆண்டு வாங்குவதானால், முந்தைய ஆண்டின் விற்பனைத் தாளை அச்சிட்டு வங்கிக்கு எடுத்துச் சென்று, எந்த மாதத்தில் பணம் திரும்புகிறது என்பதைக் காட்டி, தவணைத் தொடக்கத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.